டிக்கி இல்லாத கார்

இலங்கையில் பெல்மதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பதிவில் ஸ்டோன்ஹேவன், ஜனங்கள் வாயில் கல்லுமலை. ஸ்ரீதரன் அங்கே ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், உதவி டீமேக்கராக இருந்தான். 1992இல் தோட்டங்களைத் தனியார் கம்பனிகள் கையேற்றபோது தோட்ட மனேஜராகப் புதுப் பெரியதொரை ஒருவர் வந்தார். வந்ததும் அவர் செய்த முதல் வேலை, பங்களா கராஜைத் திறக்கச் சொன்னது. தன் புது ஜீப்பை நிறுத்த அவருக்கு இடம் வேண்டியிருந்தது. பூட்டுக்குச் சாவி இல்லை. கடப்பாரையால் நெம்பிக் கதவைத் தள்ளினால், பின்பலகை ஓட்டை வழியாக எந்தக் காலத்திலோ குடியேறியிருந்த கோழிகள் கொக்கரித்துக்கொண்டு ஆளாளுக்கு ஒரு பக்கம் ஓடின. அவை போய்த் தூசி அடங்கியதும் உள்ளே இருட்டில் இரண்டு கண்கள் தெரிந்தன.

வட்டமான கண்கள். முகத்தின் பக்கவாட்டில் இல்லாமல், நெற்றியில் முழித்துக்கொண்டு நின்றன. கீழே வாய் வேறு, சிரிக்கிற மாதிரி. கடப்பாரை பிடித்திருந்த ஏழுமலை, “ஐயா, தவளைங்க!” என்று இரண்டடி பின்னால் வந்தான்.

கோழி எச்சத்தைச் சுரண்டிப் பார்த்தபோது அது இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு குட்டி இங்கிலீஷ் கார் என்று தெரிந்தது. ஒஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட். எழுபதுகளில் தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது ஊருக்குப் போன கடைசி வெள்ளைக்காரத் தொரை விட்டுவிட்டுப் போனது. டயர் நாலும் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருந்தன. சீற் பஞ்சு முழுக்கக் கோழிக் கூடு. ஸ்ரீதரன் கதவைத் திறக்கக் கைப்பிடியைத் தேடினான். வெளியே கைப்பிடியே கிடையாது. கையை உள்ளே விட்டுத்தான் திறக்க வேண்டும். அப்படி விட்ட கையை அவன் மனதால் திரும்ப எடுக்கவே இல்லை என்று பிற்காலத்தில் அவன் மனைவி கோகிலா சொல்லுவாள்.

அந்த வாரம் அவனைப் பார்க்க பஸ்லான் வந்தான். இருவரும் இரத்தினபுரியில் ஒன்றாகப் படித்தவர்கள். பஸ்லான் அங்கேயே மாணிக்கக் கல் தரகு செய்துகொண்டிருந்தான். கல்லைக் கண்ணருகே தூக்கிப் பார்க்கிற அதே பார்வையோடு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

“குப்பை மச்சான்.”

“ஆமா, குப்பைதான்” என்றான் ஸ்ரீதரன்.

பெரியதொரை கழிவுச் சாமான்களுக்கு டெண்டர் கேட்டிருந்தார். உடைந்த ரோலர், துருத்தகரம், பியானோ ஒன்றின் எலும்புக்கூடு, இந்தக் கார். உறைகளைப் பிரித்தபோது காருக்கு மட்டும் இரண்டு விண்ணப்பம், இரண்டிலும் அட்சரம் பிசகாமல் ஒரே தொகை. ஒன்று ஸ்ரீதரனுடையது. மற்றது, குப்பை என்று சொல்லிவிட்டுப் போய் அன்று மாலையே உறை போட்ட பஸ்லானுடையது. பெரியதொரைக்கு இதையெல்லாம் யோசிக்க நேரம் இல்லை. “ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு நாளைக்கே இடத்தைக் காலி பண்ணுங்கள்” என்று இரண்டு உறைகளையும் ஒன்றாகச் சேர்த்துக் குத்தினார். ஒபீஸ் வாசலில் சிநேகிதர்கள் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்கள். பிறகு பஸ்லானுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

கார் தோட்டத்து லொறியில் ஏறி ஸ்ரீதரன் குவாட்டர்ஸின் பின்கொட்டிலுக்கு வந்தது. கோழிகளில் இரண்டு விடாப்பிடியாகக் கூடவே வந்துவிட்டன.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் கொட்டில்தான். கோகிலா கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. “அங்க இருக்கிற புள்ளைங்க சாயந்தரம் ஆனா அம்மாவோட போயிருதுங்க. இங்க இருக்கிற ரெண்டும்தான் போக மாட்டேங்குது” என்று சொல்லிக்கொண்டே தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள்.

அந்தக் காரில் பொனட் என்று தனியாக ஒன்று இல்லை. மட்கார்ட், கண், வாய் எல்லாம் சேர்ந்த முழு முகமும் ஒரே தகடு. அதை மேலே தூக்கி முட்டுக் கொடுத்தால்தான் என்ஜினைப் பார்க்கலாம். முட்டுக்கு அவர்கள் தேயிலைச் செடியின் தடித்த வாது ஒன்றை வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிறு வாது வழுக்கிவிட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த கோகிலா, காரின் முன்னால் நாலு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டாள். உள்ளேயிருந்து இரண்டு குரல்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. அவள் தூக்கிவிட முயன்றாள், முடியவில்லை, சிரிப்பில் கை ஓடவில்லை. தொழிலாளர் லயத்திலிருந்து நாலு பேர் வந்து தூக்கினார்கள். பஸ்லான் நெற்றியில் அன்று எழும்பிய வீக்கம் ஒரு வாரம் இருந்தது. கல் வாங்க வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் பார்த்தார்கள், கல்லைப் பார்க்கவில்லை என்று அடுத்த ஞாயிறு வந்து குறைப்பட்டான்.

என்ஜின் விஷயத்தில் அவர்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. அது மொறிஸ் மைனர் காரில் இருக்கிற என்ஜினின் உடன்பிறப்பு. மொறிஸ் மைனர் இல்லாத ஊர் இலங்கையில் கிடையாது. பஸ்லான் கல் விற்கக் கொழும்புக்குப் போகும்போதெல்லாம் பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றி, பையில் வால்வும் பேரிங்குமாகத் திரும்புவான். கிடைக்காத சாமானுக்கு இங்கிலாந்துக்கு எழுதிப் போடுவார்கள். பஸ்லானுக்கு நல்ல கல் ஒன்று கைமாறினால் பார்சல் வரும், மாறாவிட்டால் வராது. கார் அப்படி விட்டுவிட்டு வளர்ந்தது.

1996இல் ஒருநாள் அது ஓடியது.

தரைத் தகடு இன்னும் முழுசாகப் போடவில்லை. பஸ்லான் உட்கார்ந்த பக்கம் காலுக்குக் கீழே ஒரு பலகை, பலகைக்கும் கதவுக்கும் நடுவில் ரோட்டு ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்து வளைவுகளில் ஸ்ரீதரன் திருப்பத் திருப்ப, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நிமிர்ந்து கூவினார்கள். கார் அவ்வளவு தரையோடு பதிவாக இருந்தது. எதிரே வந்த பஸ்ஸின் டயர் ஸ்ரீதரனின் தலை உயரத்தில் உருண்டது. “இன்னும் கொஞ்சம் போ மச்சான், இன்னும் கொஞ்சம்” என்று பஸ்லான் கத்திக்கொண்டே வந்தான். பெல்மதுளைச் சந்தியோடு திரும்புவதாகப் பேச்சு. திரும்பவில்லை. இரத்தினபுரி ரோட்டில் ஏறிவிட்டார்கள்.

வழியில் பொலிஸ் தடுப்பு.

அந்த வருஷம் தை மாதம் கொழும்பில் பெரிய குண்டு வெடித்திருந்தது. அதிலிருந்து எந்த வாகனத்தையும் சோதிக்காமல் விடுவதில்லை. சார்ஜன்ட், அவர்கள் பேச்சில் சாஜன், ஒருவர் காரை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது, அடக்கிக்கொண்டார். ஐடென்டி கார்டை வாங்கினார். பஸ்லானுடையதை உடனே திருப்பிக் கொடுத்தார். ஸ்ரீதரனுடையது அவர் கையிலேயே இருந்தது.

“டிக்கியைத் திற” என்றார் சிங்களத்தில்.

“டிக்கி இல்லை சேர்” என்றான் ஸ்ரீதரன், அவனும் சிங்களத்தில்.

“டிக்கி இல்லாத கார் உலகத்தில் உண்டா?”

சாஜன் பின்னால் போய்ப் பார்த்தார். மூடி இல்லை, பூட்டு இல்லை, ஒரு கோடுகூட இல்லை. முட்டை மாதிரி வழுவழுவென்று மூடிக் கிடந்தது. அந்தக் காரைச் செய்தவர்கள் அப்படித்தான் செய்திருந்தார்கள். சாமான் வைப்பதென்றால் சீற் முதுகை மடக்கி உள்ளே தள்ள வேண்டும். இதை விளக்க விளக்க ஸ்ரீதரனின் சிங்களம் திக்க ஆரம்பித்தது. பின்பக்கத்தை அடைத்துவிட்டு ஏதோ கொண்டுபோகிறார்கள் என்று அதற்குள் இரண்டு பேர் துவக்கோடு வந்து நின்றார்கள்.

கடைசியில் சாஜன் இருப்பதில் மெலிந்த பொலிஸ் கொஸ்தாப்பலைக் கூப்பிட்டு டோர்ச்சையும் கொடுத்து சீற்றுக்குப் பின்னால் அனுப்பினார். அவர் தலை போனது, தோள் போனது, இடுப்போடு நின்றுவிட்டது. முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. உள்ளேயிருந்து கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி, “சேர், இங்கே ஒன்றும் இல்லை, ஒரு டெனிஸ் பந்துதான்” என்று குரல் வந்தது. வெளியே எடுக்க சீற்றைக் கழற்ற வேண்டியிருந்தது. ஸ்பானர் பிடித்த ஸ்ரீதரனின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பஸ்லான் அதைப் பார்த்துவிட்டு ஸ்பானரை வாங்கித் தானே கழற்றினான்.

பஸ்லானைப் போகச் சொன்னார்கள். ஸ்ரீதரனை, தோட்டத்திலிருந்து யாராவது வந்து உறுதி சொல்லும்வரை இருக்கச் சொன்னார்கள். பஸ்லான் போகவில்லை. பக்கத்தில் இருந்த மரக்குற்றியில் உட்கார்ந்து, வருகிற போகிற கொஸ்தாப்பல்மாரோடு கல் விலை பேசிக்கொண்டிருந்தான். பின்னேரம் பெரியதொரை ஜீப்பில் வந்து சொன்ன பிறகு விட்டார்கள். கார்டைத் திருப்பிக் கொடுத்த சாஜன், கொஞ்சம் தயங்கி, “இதை விற்கிற யோசனை இருக்கிறதா?” என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் இல்லை என்றார்கள்.

தோட்டத்தில் இந்தக் கதை பரவி, இடுப்போடு நின்ற கொஸ்தாப்பலை நினைத்து நினைத்துச் சிரித்தார்கள். ஸ்ரீதரனும் கூடச் சேர்ந்து சிரித்தான். பஸ்லான் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு வரும்போது ஒரு சோக்குக் கட்டியோடு வந்தான். காரின் பின்பக்கத்தில் சதுரமாக ஒரு கோடு போட்டான்.

“இதால வெட்டி ஒரு கதவு வைப்பம் மச்சான். தகர வேல செய்ற பாஸ் ஒருத்தர்ட்ட பேசிட்டன். ரெண்டு நாள் வேல. இனிமே எவன் கேட்டாலும் திறந்து காட்டலாம்.”

ஸ்ரீதரன் துணியை எடுத்து அந்தக் கோட்டை அழித்தான். “இந்த உடம்புல வெட்டுப் படக்கூடாது.”

“நீ யோசிச்சுப் பேசு. ஒண்ட கார்ட அந்தாள் எவ்வளவு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார் எண்டு நான் கண்டன். இன்னொரு நாளைக்கு இன்னொருத்தன் நிப்பான். நான் பக்கத்துல இல்லாட்டி ஒனக்கு என்ன நடக்கும்?”

அந்தப் பேச்சைத்தான் ஸ்ரீதரன் ஒரு வாரமாக யாரும் எடுக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தான். கை நடுங்கியதை ஒருவன் பார்த்தான் என்பதே அவனுக்குப் பொறுக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னான். “கல்ல வெட்டி வெட்டி விக்கிறவனுக்கு எதக் கண்டாலும் வெட்டத்தான் தோணும்.”

பஸ்லான் சோக்குக் கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். “சரி. பாதி எண்டுதானே தந்தாங்க? எண்ட பாதிய நான் கொண்டு போறன்.”

மறுநாளே ஒரு வேன் வந்தது. என்ஜின், கியர் பொக்ஸ், சக்கரம் நாலு. இவை பஸ்லானுக்கு. உடம்பு ஸ்ரீதரனுக்கு. மரக்கட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்திருந்த காரின் முகத்தைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே வெறும் குழி. கோகிலா அதைப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த தேத்தண்ணியைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அந்தக் கார் பாதி மலையிலும் பாதி இரத்தினபுரியிலுமாக இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் “என்ஜின் எங்கங்க?” என்று கேட்டால், ஸ்ரீதரன், தாய்வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போன மனைவியைப் பற்றிச் சொல்கிற மாதிரி, “இரத்தினபுரியில இருக்கு” என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றுவான். ஆனால் வேலையை விடவில்லை. தரைத் தகட்டை முழுசாக மாற்றினான். பழைய பெயின்றைச் சுரண்டியபோது பச்சைக்குக் கீழே நீலமும், நீலத்துக்குக் கீழே மாதுளம்பூச் சிவப்பும் இருந்தன. கீழே இரத்தினபுரியில் பஸ்லானும் என்ஜினைப் பிரித்து அடுக்கிப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான் என்பது ஸ்ரீதரனுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், கோகிலா வழியாக.

கோகிலாவும் பஸ்லானின் மனைவி நபீலாவும் சண்டையில் சேரவில்லை. பெல்மதுளைப் பொலயில், அந்த வாரச் சந்தையில், மரக்கறிக் கடைகளுக்கு நடுவில் அவர்கள் சந்தித்துக்கொள்வார்கள். ஒருமுறை நபீலா, “கார்புரேட்டர் ஊசி ஒண்டு அங்க தங்கிட்டாம், ராவெல்லாம் மனுஷன் அதத்தான் சொல்றார்” என்றாள். அடுத்த வாரம் போஞ்சிக்காய்ப் பொதிக்குள் ஊசி போனது. அதற்கு அடுத்த வாரம் ஸ்டியரிங் நடுவில் வைக்கிற மூடி, நபீலா செய்த இனிப்பு வட்டலப்பம் இருந்த பாத்திரத்தின் அடியில் கல்லுமலைக்கு வந்தது. ஸ்ரீதரன் அதைக் கழுவித் துடைத்து அதன் இடத்தில் வைத்தான். யார் தந்தது என்று கேட்கவில்லை. பஸ்லானும் கேட்டிருக்க மாட்டான்.

“நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தா முழுக் காரையும் பொலயில வச்சே பொருத்திப் பூட்டிருவோம்” என்றாள் கோகிலா.

2003 மே மாதம், வெசாக் பண்டிகையின் வெளிச்சக் கூடுகள் இன்னும் மரங்களில் தொங்கிக்கொண்டிருந்தபோது, மழை பிடித்தது. கல்லுமலையில் அப்படியொரு மழையை யாரும் கண்டதில்லை. தேயிலை மலை இரண்டு இடத்தில் சரிந்து இறங்கியது, நல்ல வேளையாக லயத்தின் பக்கம் இல்லை. களு கங்கை பெருகி இரத்தினபுரி நகரமே தண்ணீருக்குள் போய்விட்டதாக ரேடியோ சொன்னது. ஸ்ரீதரன் ரேடியோவை அணைத்துவிட்டு எழும்பினான். அரிசி, பருப்பு, தேயிலை, போர்வை, பிள்ளைக் காம்பராவிலிருந்து பால்மா. கோகிலா கட்டிக்கொண்டே இருந்தாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

தோட்டத்து லொறி போகக்கூடிய மட்டும் போனது. மண் சரிந்து ரோட்டை மூடியிருந்த இடத்தில் இறங்கி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். நகரத்தின் விளிம்பில், ரோட்டு தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தில், ஆமிக்காரர்களின் படகொன்று நின்றது. பஸ்லானின் தெருவில் கூரைகள் மட்டும் தெரிந்தன. பக்கத்து உயரமான தெருவில் ஒரு பள்ளிவாசலின் மேல்மாடியில் சனம் நிரம்பியிருந்தது. படகிலிருந்தபடியே பஸ்லானின் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. தாடி வளர்ந்திருந்தது. கொஞ்சம் நரைத்திருந்தது.

“மச்சான்?” என்றது.

ஸ்ரீதரன் ஏறிப் போனான். நபீலாவும் பிள்ளைகளும் சுகமாக இருந்தார்கள். எல்லோரையும் பார்த்த பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

“அலுமாரி பெய்த்து. பிரிஜ் பெய்த்து. எல்லாம் வெள்ளத்தோட பெய்த்து” என்றான் பஸ்லான். பிறகு மெதுவாக, “அது கீழ்வீட்டுலதான் ஈக்கி. தூக்க ஏலாமப் பெய்த்து மச்சான். புள்ளைகளத் தூக்கவா, அதத் தூக்கவா?”

“அட, என்ஜின்தானே! கழுவினா போச்சு” என்றான் ஸ்ரீதரன்.

அப்போதுதான் பஸ்லான் அழுதான். மூன்று நாள் பிள்ளைகளுக்கு முன்னால் அடக்கி வைத்திருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு பஸ்லானின் குடும்பம் வீடு காயும்வரை கல்லுமலைக்கு வந்து தங்கியது. குவாட்டர்ஸில் நடக்க இடமில்லை, கோகிலாவுக்கு ஒரே கொண்டாட்டம். ஆண்கள் இருவரும் தினமும் இறங்கிப் போய்ச் சேற்றை வாளி வாளியாக அள்ளினார்கள். வீட்டின் கடைசி அறையில், ஸ்டாண்டில் இருந்தபடியே, என்ஜின் சேற்றுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. பிளக்கைக் கழற்றியதும் அந்த ஓட்டையிலிருந்து களு கங்கை ஒழுகியது. கழுவிப் பார்த்தபோது பிளொக்கில் நீளமாக ஒரு வெடிப்பு இருந்தது. வெள்ளத்தில் ஏதோ வந்து மோதி ஸ்டாண்டோடு சுவரில் அடித்திருக்க வேண்டும்.

இப்போது அடுத்த சண்டை ஆரம்பித்தது. ஸ்ரீதரனுக்கு யட்டியாந்தோட்டையில் ஒரு கராஜைத் தெரியும், அங்கே நொறுங்கிய மொறிஸ் மைனர் ஒன்று நல்ல பிளொக்கோடு கிடந்தது. “அதே ஜாதிதான், அப்படியே உக்காந்துக்கும். எடுத்துப் போட்டுருவோம்” என்றான். பஸ்லான் கேட்கவில்லை. “இது இந்தக் காரோட பொறந்த என்ஜின். நம்பர் குத்தீக்கி, பாரு. வெடிப்ப ஒட்டி எடுக்கலாம். இன்னொண்ட வச்சா அது எப்பிடி இந்தக் காராகும்?”

“ஓடணுமா வேணாமாடா?”

“பிழையா ஓடுறத விட ஓடாம ஈக்கிறது நல்லம்.”

கொட்டிலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த கோகிலா, “நில்லுங்க, நில்லுங்க” என்று கையைத் தட்டினாள். “போன தடவ வெட்டக்கூடாதுன்னு நின்னது இவரு, மாத்தணும்னு நின்னது அண்ணே நீங்க. இப்ப ரெண்டு பேரும் எடத்த மாத்தி நின்னுகிட்டு அதே சண்டையைப் போடுறீங்க. ஏங்க, உங்க சண்டைக்குக்கூட புது ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கலையா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கோகிலாவுக்குப் பின்னால் நபீலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கிய பிறகு ஸ்ரீதரன் சொன்னான்: “அன்னைக்கி நான் சொன்னது தப்பு மச்சான். வெட்டுறதப் பத்தி. நீ எனக்காகத்தான் சொன்ன.”

“சோக்குக் கோடு நானும் கொஞ்சம் பெருசாத்தான் போட்டுட்டன்” என்றான் பஸ்லான்.

பிளொக்கை ஒட்டிப் பார்ப்பது, முடியாவிட்டால் யட்டியாந்தோட்டை என்று முடிவானது. முடியவில்லை. இரண்டு தடவை ஒட்டினார்கள், இரண்டு தடவையும் சூடேறியதும் வெடிப்புத் திறந்து தண்ணீர் கசிந்தது. பஸ்லான் தன் வாயாலேயே “சரி, மைனரக் கொண்டு வா” என்றான். ஆனால் உள்ளே போகிற மற்ற எல்லாம் பழையதுதான் என்று ஒவ்வொன்றையும் தன் கையால் துடைத்துப் பூட்டினான்.

அதற்குப் பிறகும் வேலை ஆறு வருஷத்துக்கு இழுத்தது. நல்ல கல் கிடைக்காத காலமும் இருந்தது, ஸ்டோரில் கொழுந்து குவிந்து ஸ்ரீதரனுக்கு ஞாயிறே இல்லாமல் போன காலமும் இருந்தது. அவன் பெரிய டீமேக்கர் ஆனான். பஸ்லானின் மகள் வளர்ந்து பட்டம் படிக்கக் கம்பஸுக்குப் போனாள். கோகிலா நலன்புரி அதிகாரியாகி, மூன்று டிவிஷனிலும் பிள்ளைக் காம்பராக்களைச் சுற்றிப் பார்க்க லைசன்ஸ் எடுத்து, தோட்டம் கொடுத்த கிழட்டு ஜீப்பை மலையெல்லாம் ஓட்டித் திரிந்தாள். கிளச் பிடிக்காத ஜீப்பில் எப்படிக் கியர் மாற்றுவது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஜீப்பே சொல்லித் தந்தது. சீற்றுக்கும் மடக்குக் கூரைக்கும் துணி வெட்டித் தைத்தது நபீலா. வர்ணத்தைப் பற்றி மட்டும் விசித்திரமாகச் சண்டையே வரவில்லை. சுரண்டியபோது கடைசியில் தெரிந்த அந்த மாதுளம்பூச் சிவப்பையே அடித்தார்கள்.

2009, ஆவணி மாதத்து ஒரு ஞாயிறு. வெயில் சுத்தமாக அடித்தது. கொட்டிலின் முன்னால் கார் நின்றது, சிவப்பாக, ஈரம் போல மினுங்கிக்கொண்டு. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்துச் சனம் பாதி வேலியோரம் நின்றது. இப்போது பிரச்சினை, யார் முதலில் ஓட்டுவது என்பது.

“நீ ஓட்டு மச்சான். உடம்பு உன்னோடதான் இருந்திச்சு, ஒனக்குத்தான் பழக்கம்” என்றான் பஸ்லான்.

“இல்லடா, என்ஜின் உன்னுது. நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காருறேன்.”

“நான் ஓட்டினா வளைவுல பயமாயீக்கும்.”

“எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

இப்படி மாறி மாறி விட்டுக்கொடுத்து நேரம் போனது. சண்டை போட்டபோதுகூட இவ்வளவு நேரம் எடுத்ததில்லை. வேலியோரம் நின்றவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. கடைசியில் காசு சுண்டுவதென்று தீர்மானித்து, பஸ்லான் பையில் தேடிக்கொண்டிருந்தபோது, பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்டியரிங்கில் கோகிலா இருந்தாள். பக்கத்தில் நபீலா, தலைத்துணியை இழுத்து இறுக்கக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏய், ஏய், கோகிலா!” என்றான் ஸ்ரீதரன்.

“ரெண்டு சீற்றுதானே இருக்கு” என்றாள் கோகிலா. “நாங்க பார்த்துட்டு வந்து சொல்றோம்.”

கார் ஒரு தடவை குதித்தது, பிறகு நேராகப் போனது. சனம் கூவியது. முதல் வளைவில் கோகிலா கியர் மாற்றினாள், ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் விழுந்தது. இரண்டாம் வளைவில் நபீலாவின் சிரிப்புக் கேட்டது. அதற்கப்பால் கார் தெரியவில்லை, சத்தம் மட்டும் தேயிலை மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கியது. பஸ்லான் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டு நின்றான். ஸ்ரீதரன் தன் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் துணி ஒன்றை எடுத்துத் துடைத்தான், அதில் எண்ணெயே இல்லை.

“சந்தியோட திரும்பிருவாங்க” என்றான்.

திரும்பவில்லை. வேலியோரம் நின்ற சனம் கலைந்து சாப்பிடப் போனது. ஆண்கள் இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். தேத்தண்ணி போட்டுத் தர ஆளில்லாமல் ஸ்ரீதரனே போட்டான். பிரேக் பைப் பொருத்தை இறுக்கினோமா என்று பஸ்லான் கேட்டான். இறுக்கினோம் என்றான் ஸ்ரீதரன். நீதானே இறுக்கின என்றான் பஸ்லான். நீ இறுக்கினேன்னு நான் நெனச்சேன் என்றான் ஸ்ரீதரன். இருவரும் எழுந்து நின்றார்கள். அப்போது கீழே, தூரத்தில், அந்தச் சத்தம் கேட்டது. மலை ஏறிக்கொண்டிருந்தது.

கார் வந்து நின்றபோது இரண்டு பெண்களின் முகமும் தூசியில் சிவந்திருந்தது. நபீலாவின் மடியில் பத்திரிகைத் தாளில் சுற்றிய உழுந்து வடை. இரத்தினபுரியையும் தாண்டிக் குருவிட்ட வரை போனதாகவும், அங்கே ஒரு கடையில் நிறுத்தினால் கடைக்காரரே வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வடைக்குக் காசு வாங்க மறுத்ததாகவும் அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். “எத்தன பேர் கைகாட்டினாங்க! ஒரு பஸ்ஸுல ஈந்த எல்லாரும்!”

கோகிலா என்ஜினை நிறுத்தாமலே உட்கார்ந்திருந்தாள். புருவத்தைச் சுருக்கி எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பிரேக்?” என்றான் ஸ்ரீதரன்.

“பிரேக் நல்லா பிடிக்குது. ஆனா ஏத்தத்துல மூணாவது கியர்ல இழுக்கும்போது ஒரு இருமல் வருது. ரெண்டு கார்புரேட்டர்ல ஒண்ணுதான்னு நெனைக்கிறேன். அதோட எண்பதுக்கு மேல போனா ஸ்டியரிங் கொஞ்சம் உதறுது.”

“எண்பதா?” என்றான் ஸ்ரீதரன்.

பஸ்லான் அதைக் காதில் வாங்கவே இல்லை. அவன் கண் ஒளிர்ந்துவிட்டது. “இருமலா? முன்னுக்கு ஈக்கிறதா பின்னுக்கு ஈக்கிறதா தங்கச்சி?” என்று கேட்டுக்கொண்டே காரின் முன்னால் போனான். ஸ்ரீதரன் மறுபக்கம் போனான். இருவரும் சேர்ந்து அந்தச் சிவப்பு முகத்தை மேலே தூக்கினார்கள்.

“மூடி விழப்போகுது, முதல்ல முட்டுக் குடுங்க!” என்று கத்திவிட்டு, கோகிலா வடைப் பொதியைப் பிரித்தாள்.